லினக்ஸ் தொடக்கக் கையேடு ஒன்றைத் திருத்தி எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. மட்டக்களப்பில் இருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் வீடுகளிலும் கொமினிகேஷன் கடைகளிலும் இருக்கிற லப்டொப்களில் நிறையப் பழசு. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வகைகளான உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று போட்டுக் கொடுக்கிறோம். கூடவே ஒரு கையேடும் போகிறது, யாரோ எப்போதோ எழுதிய முப்பது நாற்பது பக்க பிடிஎஃப். வாங்கியவர் மூன்றாம் பக்கத்தில் அதை மூடி வைத்துவிட்டு எங்களுக்குப் போன் எடுக்கிறார்.

அந்தக் கையேட்டை, வீட்டில் தனியே இருந்து படிக்கிற ஒருவர் கடைசிப் பக்கம் வரை போகக்கூடிய மாதிரி எப்படித் திருத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக ஒன்று எழுதத் தேவையில்லை. தகவல் போதுமான அளவு ஏற்கெனவே அதில் இருக்கும். ஒரு கட்டளையைத் தட்டிய பிறகு திரையில் என்ன தெரியும், வேறு ஏதாவது தெரிந்தால் என்ன செய்வது, மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது, இந்த மூன்றும்தான் இருக்காது. திருத்த வேலையில் முக்கால்வாசி இந்த மூன்றையும் போய்ச் சேர்ப்பதுதான்.

இங்கே கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பில் தமிழில் எழுதுகிறேன். உங்கள் கையேட்டில் கட்டளையும் பட்டனின் பெயரும் திரையில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில்தான் இருக்க வேண்டும், படிப்பவர் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்.

ஆளையும் பதிப்பையும் முதலில் முடிவு செய்யுங்கள்

"எல்லோருக்குமான லினக்ஸ் கையேடு" என்று ஒன்று கிடையாது. செங்கலடியில் உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது ஒன்று, அக்கரைப்பற்றில் போட்டோகொப்பி கடை நடத்துகிறவருக்கு வேண்டியது வேறொன்று. கடைக்காரருக்கு டெர்மினலே (கட்டளைகளைத் தட்டுகிற சாளரம்) வேண்டாம். பிரிண்டர், ஸ்கேனர், வட்ஸ்அப்பில் வந்த பைலை இறக்குவது, பென் டிரைவைப் பத்திரமாகக் கழற்றுவது, இவ்வளவும் போதும். தெரிந்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு, அவருக்கு இந்தப் பக்கம் வேண்டுமா என்று ஒவ்வொரு பக்கத்தையும் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் எடுத்துப் பின்னிணைப்பில் போடுங்கள். வெட்டுகிறபோது மனம் வராது, எழுதியவர் கஷ்டப்பட்டுத்தான் எழுதியிருப்பார், ஆனாலும் எடுக்கத்தான் வேண்டும்.

அடுத்தது பதிப்பு. முதல் பக்கத்திலேயே "இது உபுண்டு 24.04க்கு எழுதியது" என்று இருக்க வேண்டும். உபுண்டுவின் எண் வேறொன்றுமில்லை, வெளியான வருடமும் மாதமும்தான்: 24.04 என்றால் 2024 ஏப்ரல். முதன்முதலில் வந்தது 4.10, அதாவது 2004 ஒக்டோபர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிற நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். தொடக்கநிலையினருக்கு அந்தப் பதிப்பைத் தவிர வேறொன்றுக்கும் கையேடு எழுதாதீர்கள், இடையில் வருகிற பதிப்புகளின் ஆதரவு 9 மாதத்தில் முடிந்துவிடும். உங்கள் கையேட்டை யாராவது போட்டோகொப்பி எடுத்து முடிப்பதற்குள் அது பழசாகிவிடும்.

உங்கள் சொந்தக் கணக்கில் சோதிக்காதீர்கள்

நீங்கள் வருடக்கணக்காகப் பாவிக்கிற கணினியில் எல்லாமே வேலை செய்யும். தேவையான பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) எப்போதோ ஏறியிருக்கும், குறுக்குக் கட்டளைகள் அமைத்திருப்பீர்கள். அதில் ஓடிய கட்டளை புதிய கணினியில் ஓடும் என்று சொல்லவே முடியாது. கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி மாதிரி ஓட்டிப் பார்க்க உதவுகிற வர்ச்சுவல்பொக்ஸ் இலவசம். அதில் சுத்தமான உபுண்டு ஒன்றை நிறுவி, நிறுவின உடனேயே அந்த நிலையை ஒரு ஸ்னாப்ஷொட்டாகச் சேமித்துவிடுங்கள், ஒவ்வொரு அத்தியாயத்தையும் சோதித்து முடித்ததும் அந்த நிலைக்கே திரும்பலாம். கணினிக்கு அவ்வளவு பலம் இல்லை என்றால் பென் டிரைவில் இருந்து நேரடியாக இயக்கிப் பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் குறைந்தபட்சம் புதிதாக ஒரு பயனர் கணக்காவது திறவுங்கள்.

அப்புறம் டெர்மினலில் 'ஸ்கிரிப்ட்' என்ற கட்டளையைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அதன்பின் திரையில் ஓடுவது அத்தனையும் 'டைப்ஸ்கிரிப்ட்' என்ற பைலில் பதிவாகும், நிறுத்த 'எக்ஸிட்'. இந்தப் பதிவு இருந்தால் பிறகு எழுதுகிறபோது ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. கையேட்டில் இருக்கிறதை மட்டும், இருக்கிற வரிசையிலேயே செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த எதையாவது இடையில் ஒரு தடவை சேர்த்துச் செய்தீர்கள் என்றால், அங்கே ஒரு படி விடுபட்டிருக்கிறது. உடனே ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் உட்காருங்கள், கை மட்டும் நீட்டாதீர்கள்

இதைச் செய்யாமல் வேறு என்ன திருத்தினாலும் கையேடு அரைகுறைதான். லினக்ஸ் தொட்டே பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டு, கையேட்டைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மவுஸைப் பிடுங்கக்கூடாது, விடையைச் சொல்லக்கூடாது. அவர் எந்த வரியில் நிற்கிறார், அந்த நேரம் என்ன சொல்கிறார், எதை அழுத்துகிறார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

உயர்தரம் படிக்கிற ஒரு தங்கச்சியோடு இப்படி உட்கார்ந்தபோது கண்டதைச் சொல்கிறேன். கையேட்டில் 'சூடோ' (நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று சொல்வது) என்று தொடங்குகிற ஒரு வரி. அதற்கு முன்னால் ஒரு டாலர் குறி அச்சாகியிருந்தது. அவள் அந்தக் குறியையும் சேர்த்துத் தட்டினாள், அப்படி ஒரு கட்டளை கிடைக்கவில்லை என்று திரை சொன்னது. கையேட்டைத் திரும்பப் பார்த்தாள், எழுத்துக்கு எழுத்து சரியாகத்தானே இருக்கிறது, இன்னொரு தடவை அதையே தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து டெர்மினலின் கடைசி வரியில் ஏற்கெனவே ஒரு டாலர் குறி நிற்பதைக் கண்டு, தானாகவே அதை விட்டுவிட்டுத் தட்டினாள். இப்போது பாஸ்வேர்ட் கேட்டது. முதல் எழுத்தை அழுத்தினாள், திரையில் ஒன்றும் வரவில்லை. திரும்ப அழுத்தினாள், இன்னும் பலமாக. ஒவ்வொரு எழுத்தும் இரண்டு தடவை போய் விழுந்தது, பாஸ்வேர்ட் பிழை. மூன்று தடவை பிழைத்ததும் கட்டளையே நின்றுவிட்டது. "அண்ணே, கீபோர்ட் பழுதாகிட்டுதா? மறுகா என்ன செய்யிற?" என்று கேட்டாள். கையேட்டில் அந்த இடத்தில் இருந்தது "உங்கள் கடவுச்சொல்லை உள்ளிடவும்" என்ற ஒரே வரி.

பாஸ்வேர்ட் தட்டும்போது உபுண்டு 24.04இன் டெர்மினலில் எதுவுமே தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. லினக்ஸ் மின்டில் நட்சத்திரம் வரும். பதிப்பை முதல் பக்கத்தில் போடுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. பழகியவர் இதைக் கவனிப்பதே இல்லை, ஆகவே எழுதுவதுமில்லை. புதியவருக்கோ அந்த ஒரு கணம்தான் லினக்ஸ் வேண்டாம் என்று எழுந்து போகிற கணம்.

இதே மாதிரி ஆட்கள் தடக்குகிற இன்னும் சில இடங்கள் உண்டு. கொப்பி செய்ததை டெர்மினலில் ஒட்டக் கன்ட்ரோலும் வீயும் போதாது, ஷிஃப்டையும் சேர்க்க வேண்டும். திரையில் வந்த ஒரு வரியைக் கொப்பி செய்யலாம் என்று பழக்கதோஷத்தில் கன்ட்ரோலும் சீயும் அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கிற கட்டளை நின்றுவிடும். மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றால் பெரிய தலையிடி. பைல் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. சரியாக முடிந்த கட்டளை பல நேரம் ஒன்றுமே சொல்லாது, வெறுமனே அடுத்த வரிக்கு வரும், புதியவர் அதைத் தோல்வி என்று நினைத்துத் திரும்பத் தட்டுவார். இவை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், கட்டளைகள் தொடங்குவதற்கு முன்னால் போடுங்கள்.

ஒரு படியைத் திருத்தி எழுதுவது

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பெரும்பாலான கையேடுகளில் இப்படி ஒரு வரி இருக்கும்:

"கணினியைப் புதுப்பிக்க சூடோ ஆப்ட் அப்டேட் என்று கொடுக்கவும்."

முதலில் இது பிழை. 'ஆப்ட் அப்டேட்' எதையும் புதுப்பிக்காது, என்னென்ன புதிய பதிப்புகள் வந்திருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் இறக்கும். உண்மையில் இறக்கி நிறுவுவது 'ஆப்ட் அப்கிரேட்'. இரண்டாவது, பிழையாக இல்லாவிட்டாலும் அந்த வரி படிப்பவரை நடுவழியில் விட்டுவிடுகிறது. திருத்தியது இப்படி வரலாம்:

"இப்போது செய்யப்போவது: உங்கள் கணினியில் உள்ள மென்பொருள்களுக்குத் திருத்தங்கள் வந்திருக்கின்றனவா என்று பார்த்து, வந்திருந்தால் நிறுவுவது. நிறுவி அதிக நாளான கணினி என்றால் நிறைய டேட்டா போகும், வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள். சார்ஜரைப் பொருத்திவிட்டுத் தொடங்குங்கள், இடையில் லப்டொப் அணையக்கூடாது.

முதலில் சூடோ ஆப்ட் அப்டேட் என்று தட்டி என்டர். பாஸ்வேர்ட் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது சரிதான், முழுதாகத் தட்டி என்டர் அழுத்துங்கள். வரிசையாக இணைய முகவரிகள் ஓடும். பிறகு பழையபடி டாலர் குறி வந்து நிற்கும்.

அடுத்து சூடோ ஆப்ட் அப்கிரேட். எவ்வளவு இறக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, தொடரலாமா என்று கேட்டு நிற்கும். டேட்டா போதும் என்றால் என்டர், போதாது என்றால் என் என்ற எழுத்தைத் தட்டி என்டர். ஓடி முடிந்து டாலர் குறி வரும்வரை டெர்மினலை மூடாதீர்கள்.

பூட்டு கிடைக்கவில்லை என்று ஒரு செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். பின்னணியில் கணினி தானாகவே திருத்தம் நிறுவிக்கொண்டிருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, திரும்பச் செய்யுங்கள்."

ஒரு வரி இவ்வளவு நீளமாகிவிட்டதே என்று யோசிக்க வேண்டாம். கையேடு நீள்வதால் யாரும் படிப்பதை விடுவதில்லை, திரையில் ஒன்று, தாளில் வேறொன்று என்றால்தான் விடுகிறார்கள். தொடரலாமா என்ற கேள்வியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்துகள் இருக்கும், அதில் எது பெரிய எழுத்தோ அதுதான் வெறும் என்டருக்கான விடை. இதை ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் வேறு நூறு இடங்களில் உதவும். அந்தப் பூட்டுப் பிரச்சினைக்கு, பூட்டுப் பைலை அழித்துவிடு என்று சொல்கிற கையேடுகளும் உண்டு. உங்கள் கையில் இருப்பது அப்படிச் சொன்னால் அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஓடிக்கொண்டிருக்கிற நிறுவலை அது குழப்பிவிடும்.

அழிக்கிற கட்டளைகள்

எச்சரிக்கை எப்போதும் கட்டளைக்கு முன்னால்தான் வர வேண்டும். படிப்பவர் ஒரு வரியைப் படித்து, அதைத் தட்டி, அப்புறம்தான் அடுத்த வரிக்கு வருவார். 'ஆர்எம்' அழித்த பைல் குப்பைக்கூடைக்குப் போகாது, போனது போனதுதான். வட்டில் நேரடியாக எழுதுகிற 'டிடி' கட்டளையில் இலக்கு வட்டின் பெயரில் ஓர் எழுத்து மாறினால், பென் டிரைவில் எழுத வேண்டியது குடும்பப் படங்கள் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கின் மேல் எழுதப்படும். அதற்கு முன்னால் 'எல்எஸ்பிஎல்கே' தட்டி, வட்டுகளின் அளவைப் பார்த்து எது பென் டிரைவ் என்று உறுதி செய்கிற படியைச் சேர்த்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் தொடக்கக் கையேட்டில் 'டிடி'யே வேண்டாம், அதே வேலையைச் செய்ய வரைகலைக் கருவிகள் இருக்கின்றன.

உண்மையில் அதிக ஆட்கள் பைலை இழப்பது டெர்மினலில் இல்லை. உபுண்டு நிறுவும்போது வட்டை அழித்து நிறுவவா என்று ஒரு தெரிவு வருகிறதே, அங்கேதான். அந்தப் பக்கத்துக்கு முன்பக்கம் முழுவதையும் பைல்களை வெளியே எடுத்து வைப்பதற்கு ஒதுக்குங்கள். எடுத்து வைத்த பிறகு வேறொரு கணினியில் திறந்து பார் என்றும் சேருங்கள். எச்சரிக்கைப் பெட்டி கையேடு முழுக்க நாலைந்துக்கு மேல் வேண்டாம், பக்கத்துக்குப் பக்கம் போட்டால் ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

வரிசையை மாற்றுங்கள்

முதல் அத்தியாயம் பெரும்பாலும் வரலாறாக இருக்கும்: 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ். எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் வைஃபை இணைக்கத் தெரியாமல் நிற்கிறவருக்கு அது இப்போது தேவையில்லை, பின்னால் போகட்டும். முதல் மணித்தியாலத்துக்குத் தேவையானது: வைஃபை, திரை வெளிச்சம், பென் டிரைவ், பிரிண்டர், தமிழ் தட்டச்சு.

சி டிரைவ் எங்கே என்ற கேள்வி கட்டாயம் வரும். இங்கே டிரைவ் எழுத்துகள் இல்லை, எல்லாமே சாய்கோடு என்ற ஒரே வேரில் இருந்து கிளைக்கிறது, உங்கள் பைல்கள் 'ஹோம்' என்பதற்குள் உங்கள் பெயரில் இருக்கும், பென் டிரைவைச் செருகினால் 'மீடியா' என்பதற்குள் உங்கள் பெயருக்குக் கீழ் தெரியும். இவ்வளவு சொன்னால் தொடக்கத்துக்குப் போதும். மிச்சக் கோப்புறைகளின் பட்டியல் வேண்டாம்.

தமிழ் தட்டச்சுக்குத் தனி அத்தியாயமே வேண்டும், வெளிநாட்டுக் கையேடுகளில் அது இருக்காது. விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்ப்பது, சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மொழி மாற்றுவது, ஒலிப்பு முறையில் தட்டுபவர்களுக்கு 'ஐபஸ் எம்17என்' பொதியை நிறுவி ஒருமுறை வெளியேறி உள்ளே வருவது. பாமினி என்ற பழைய எழுத்துருவையும் மறக்காதீர்கள். நம்முடைய பாடசாலைகளிலும் கடைகளிலும் பழைய வினாத்தாள்கள், கடிதங்கள், கல்யாணக் காட் என்று எவ்வளவோ பாமினியில் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கிற மாதிரி இருக்கும், ஆள் உடனே "லினக்ஸில் தமிழ் வராது" என்று முடிவு கட்டிவிடுவார். எழுத்துருப் பைலை இரட்டைச் சொடுக்கி நிறுவினால் அந்தப் பழைய பைல்கள் வாசிக்க வரும், புதிதாக எழுதுவது யூனிகோடில் இருக்கட்டும் என்று விளக்கி, இரண்டு படமும் போடுங்கள்.

கணினியையே கேட்கப் பழக்குங்கள்

யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற திகதியோடு வந்தது, தயாரித்தவர்கள் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும். அதன் வாரிசுதான் இன்றைக்கும் 'மேன்' என்று தட்டினால் வருவது. இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், டேட்டா முடிந்த நாளில் இதன் அருமை தெரியும். ஆனால் "மேலும் அறிய மேன் பக்கத்தைப் பார்க்கவும்" என்று சொல்லிவிட்டு, அதை எப்படி வாசிப்பது என்று சொல்லாமல் விடுவது பெரிய குறை.

முதலில் வெளியே வரும் வழி: கியூ என்ற எழுத்து. தேட: சாய்கோடு, தேடுகிற சொல், என்டர், அடுத்த இடத்துக்கு என் என்ற எழுத்து. கட்டளையின் வடிவத்தைக் காட்டுகிற சுருக்க வரியில் சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பமானது, மூன்று புள்ளி என்றால் ஒன்றுக்கு மேல் கொடுக்கலாம். கட்டளையின் பெயரே தெரியாவிட்டால் 'அப்ரப்போ' என்று தட்டி, பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல் கொடுத்துத் தேடலாம். மேன் பக்கங்கள் முக்கியமாக எட்டுப் பிரிவாக இருக்கின்றன. 'பாஸ்டபிள்யூடி' என்ற பெயரில் 1ஆம் பிரிவில் ஒரு கட்டளை, 5ஆம் பிரிவில் ஒரு பைலின் அமைப்பு, 'மேன்' என்பதற்கும் பெயருக்கும் இடையில் எண்ணைக் கொடுத்தால் வேண்டியது வரும்.

அந்த 1971 கையேட்டிலேயே பல கட்டளைகளின் கீழ் 'பிழைகள்' என்று ஒரு தலைப்பு உண்டு, செய்தவர்களே தங்கள் கட்டளையின் குறையை எழுதி வைத்தார்கள். உங்கள் கையேட்டின் கடைசியிலும் அப்படி ஒரு பக்கம் வையுங்கள்: எந்த பிரிண்டரில் சோதிக்கவில்லை, எந்த அத்தியாயம் பழைய பதிப்புக்கு எழுதியது. படிப்பவர் தன்னில் பிழை என்று நினைத்துக் குழம்பமாட்டார்.

அச்சுக்குப் போகும் முன்

நம் பக்கம் கையேடு கடைசியில் போட்டோகொப்பியாகத்தான் கைமாறும். ஆகவே சிவப்பு எழுத்து, பச்சை எழுத்து என்று நிறத்தால் வேறுபாடு காட்டாதீர்கள், கட்டளைகளைக் கட்டத்துக்குள் போடுங்கள். கட்டளைக்குச் சம அகல எழுத்துரு பாவியுங்கள், ஒன்று என்ற எண்ணும் சின்ன எல்லும், பூச்சியமும் ஓவும் வேறு வேறாகத் தெரிய வேண்டும். சொல்செயலி தன்பாட்டில் இரண்டு சிறு கோடுகளை ஒரு நீளக் கோடாக்கும், நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கும், அப்படி மாறிய கட்டளையை பிடிஎஃப்பில் இருந்து கொப்பி செய்து ஒட்டினால் ஓடாது. தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு எழுதுங்கள், முடிவில் பிடிஎஃப்பில் இருந்தே ஒவ்வொரு கட்டளையையும் கொப்பி செய்து ஓட்டிப் பாருங்கள். நீளமான கட்டளை அடுத்த வரிக்கு மடிந்தால், இது ஒரே வரி என்று பக்கத்தில் எழுதுங்கள்.

திருத்தியதை எங்கே சேர்ப்பது

கையேடு வேறொருவருடையது என்றால் உரிமத்தைப் பாருங்கள். கிரியேட்டிவ் கொமன்ஸில் 'அதேபோல் பகிர்க' என்றால் திருத்திப் பகிரலாம், அதே உரிமத்தில், எழுதியவர் பெயரோடு. 'மாற்றக்கூடாது' என்று இருந்தால் திருத்திய பிரதியைப் பரப்ப முடியாது. ஒன்றுமே எழுதியில்லை என்றால் எழுதியவரிடம் கேட்டுவிடுங்கள், அநேகமானோர் சந்தோஷமாகவே சம்மதிப்பார்கள். மூலக் கையேட்டுக்கும் திருத்தத்தை அனுப்புங்கள்: எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், அங்கே இருந்த வரி, திரையில் உண்மையில் வந்தது, அதற்கு நீங்கள் எழுதிய மாற்று வரி. ஒரு கடிதத்தில் ஒரு திருத்தம் மட்டும், மொத்தமாக அனுப்பினால் அவர்களுக்குச் சரிபார்ப்பது சிரமம்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் கடைசியாகச் சோதித்த திகதியைப் போடுங்கள். புதிய நீண்டகாலப் பதிப்பு வந்ததும் சுத்தமான கணினியில் முதலில் இருந்து ஓட்டிப் பார்த்து, திகதியை மாற்றுங்கள். அந்தத் தடவை பக்கத்தில் உட்கார வைக்க வேறொருவரைத் தேடுங்கள், போன தடவை வந்த தங்கச்சிக்கு இப்போது பாஸ்வேர்ட் திரையில் தெரியாமல் போவது பழகிவிட்டது, அவள் அந்த வரியில் நிற்கவே மாட்டாள்.